பள்ளி மூடியிருந்த நாட்களில் பிள்ளைகளோடும் வீடுகளோடும் தொடர்பு விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

கேள்வி: புதுத் தலைமையாசிரியை

வணக்கம். ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்று இன்னும் ஓராண்டு முடியவில்லை. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள சின்னப் பள்ளி. நோய்ப் பரவலோ வேறு எதுவோ காரணமாகப் பள்ளியை நீண்ட நாள் மூட வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்திருக்கும் படிவத்தில் இணைய வகுப்பு, பாடத்திட்டம், தேர்வு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பிள்ளைகளோடும் வீட்டாரோடும் எப்படித் தொடர்பில் இருப்பீர்கள் என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. எனக்கோ முதலில் நிரப்ப வேண்டியது அதுதான் என்று தோன்றுகிறது.

கொரோனா காலத்தில் நான் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய பிள்ளைகள், அவர்களே லிங்க்கைத் தட்டி உள்ளே வந்துவிடுவார்கள். சந்தேகம் என்றால் அவர்களே மெசேஜ் போடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை அப்படி வராது. இந்தப் பள்ளியில் அப்போது வேலை பார்த்த எல்லோரும் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விட்டார்கள். என்ன செய்தார்கள், எது பலித்தது என்று எழுதி வைத்த ஒரு தாள்கூட அலுவலகத்தில் இல்லை.

2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. இத்தனை பள்ளிகள் பட்ட அனுபவம் எங்கேயாவது சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் இங்கே கேட்கிறேன். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளை எப்படி எட்டினீர்கள்? வாட்ஸ்அப் குழு உதவியதா, தொந்தரவாக இருந்ததா? பள்ளியையே பார்க்காமல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை என்ன செய்தீர்கள்? பெற்றோராக இருந்தவர்களும் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

பதில்: இரண்டாம் வகுப்பு டீச்சர்

படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை என்பதை நீங்கள் கவனித்ததே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. 2020-இலும் 2021-இலும் நான் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். என் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன் நம்பர். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த நம்பர்களில் பாதி உயிரோடு இல்லை. சிலது மாமாவுடையது, சிலது பழைய வீட்டுக்காரருடையது. உயிரோடு இருந்த நம்பர்களிலும் பகலில் யாரும் எடுப்பதில்லை. ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலை பத்து மணி வகுப்பு என்பது அந்த வீட்டைப் பொறுத்தவரை இல்லாத வகுப்புதான். அதனால் ஒரு நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். வீட்டு நம்பர், வீட்டார் நம்பும் இன்னொருவர் நம்பர், அப்புறம் "போன் எப்போது வீட்டில் இருக்கும்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. இரவு எட்டு மணி, ஞாயிறு காலை, பாட்டி கோயிலிலிருந்து திரும்பிய பிறகு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் இருந்தது.

அடுத்தது, யார் யாரைக் கூப்பிடுவது. வகுப்புவாரியாகப் பிரித்தால் மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று டீச்சர்கள் ஒரே மாலையில் போன் போடுவார்கள். அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். நாங்கள் வீடுவாரியாகப் பிரித்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். ஆயாம்மா, அலுவலக உதவியாளர், விளையாட்டு சார் எல்லோருக்கும் வீடுகள் உண்டு. வாசலில் தினமும் பையைத் தூக்கி மாட்டிவிடுகிற ஆயாம்மாவிடம் சில பிள்ளைகள் எங்களிடம் பேசுவதைவிட நிறையப் பேசினார்கள்.

போனில் என்ன பேசுவது என்பதுதான் உண்மையில் கஷ்டம். "பாடம் படிச்சியா?" என்று தொடங்கினால் ஏழு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் அம்மா "சொல்லுடா, சொல்லுடா" என்று தள்ளுவது கேட்கும். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்", அதோடு முடிந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது விடுகதை. ஒவ்வொரு அழைப்பும் ஒரு விடுகதையோடு முடியும். விடையை அடுத்த அழைப்பில்தான் கேட்போம். அதுமட்டுமில்லை, பிள்ளையும் ஒரு விடுகதை சொல்ல வேண்டும், அதை நான் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்குக் கொண்டுபோவேன். "எட்டாத ராணி, இரவில் வருவாள், பகலில் மறைவாள். இதை உனக்குப் போட்டது யார் தெரியுமா? மூணாவது பெஞ்சில் சன்னல் பக்கம் உட்காருவாளே, அவள்தான்!" இப்படிச் சொன்னதும் மறுமுனையில் குரலே மாறிவிடும். "அவளா? அவ எப்படி இருக்கா மிஸ்? பல்லு விழுந்துடுச்சா?" அந்த இடத்தில்தான் வகுப்பு என்ற ஒன்று திரும்ப உயிர் பெற்றது. டீச்சரோடு பேசியது பாதிதான். நம்மை அங்கே ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததுதான் மீதி. விடை தெரியாத வீடுகளில் தாத்தா பாட்டி எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு தாத்தா மறுநாள் காலை எனக்கே போன் போட்டு "நிலாதானே?" என்று கேட்டார்.

போட்ஸ்வானாவில் 2020-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு மட்டும் போனது. சில வீடுகளுக்கு அதோடு சுமார் 20 நிமிட போன் அழைப்பும் போனது. பேசின வீட்டுப் பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படி எதுவும் இல்லை. சாதாரணப் பட்டன் போனே போதும் அதற்கு. உங்கள் மேலதிகாரி "போன் போடுவதால் என்ன பயன்" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். எனக்கு அந்த முடிவு ஆச்சரியமே தரவில்லை. செய்தியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஒரு பிள்ளையை மட்டும்தான்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டீர்கள். அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் பள்ளி மட்டும்தான் எழுதலாம் என்று பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வதந்திகளும் பூச்செண்டுப் படங்களும் வந்து குவியும், நடுவில் நீங்கள் போட்ட முக்கியமான செய்தி மூழ்கிப்போகும். பிள்ளைகள் எழுதிய தாளைப் படம் எடுத்து குழுவில் போடச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையின் முத்து முத்தான கையெழுத்துக்குக் கீழே இன்னொரு பிள்ளையின் கோணல் எழுத்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வீட்டில் அடி விழும். தாள் டீச்சருக்குத் தனியாக வரட்டும்.

எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது. படிக்கத் தெரியாத அம்மாவும் கேட்கலாம். வீடியோவைவிட டேட்டா மிகக் குறைவாகச் செலவாகும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் பிள்ளை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் பள்ளி மணியை அடித்து, அதைப் பதிவு செய்து தந்தார். திங்கட்கிழமை காலை அறிவிப்புக்கு முன்னால் அதைப் போட்டோம். மணிச் சத்தம் கேட்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள் உண்டு என்று வீடுகளிலிருந்து சொன்னார்கள்.

காணொளி வகுப்பைப் பெரிதாக நம்பாதீர்கள். ஆறேழு பிள்ளைகள், கால் மணி நேரம், அவ்வளவுதான் சின்ன வகுப்புக்குத் தாங்கும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் எட்டுப் பேர் வரை சேரலாம் என்று ஆனது, அதற்கு முன்னால் நான்கு பேர்தான். எட்டே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பின்னால் தெரிவது ஒரு குடும்பத்தின் ஒற்றை அறை. அதை வகுப்பே பார்ப்பதில் அந்த வீட்டாருக்குச் சங்கடம் இருக்கும்.

போனே இல்லாத வீடுகளுக்குத் தாள் உறை. யுனிசெஃப் 2020 ஆகஸ்டில் சொன்ன கணக்கில் குறைந்தது 46 கோடியே 30 லட்சம் பிள்ளைகளுக்கு டிவி, ரேடியோ, இணையம் எதன் வழியாகவும் பாடம் போய்ச் சேரவில்லை. அதனால் "எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கும்" என்று உங்கள் திட்டத்தில் எழுதிவிடாதீர்கள். உறையில் பயிற்சித்தாளோடு, வகுப்பில் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளைக்கு எழுதிய நாலு வரிக் கடிதமும் பதில் எழுத ஒரு வெற்றுத் தாளும் இருக்கும். அடுத்த உறை வாங்க வரும்போது பதிலைக் கொண்டுவர வேண்டும். பயிற்சித்தாள் திரும்பி வராமல் போனதுண்டு. கடிதத்துக்குப் பதில் வராமல் போனது அபூர்வம்.

பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகள் இருந்தால், அந்தச் சாப்பாட்டுக்குப் பதிலாக வீட்டுக்குப் பொருள் கொடுக்கும் நாளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் மூடியபோது உலகம் முழுவதும் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு நின்றது என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. வீட்டார் எப்படியும் வாசல் வரை வருவார்கள். அன்றைக்கு இடைவெளி விட்டு நின்று இரண்டு வார்த்தை பேச ஒரு டீச்சர் அங்கே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. சாவு. வீட்டில் ஒருவர் இறந்துபோனால் பள்ளியிலிருந்து யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் மட்டும், அந்தப் பிள்ளைக்குப் பழகிய ஒருவர். வீட்டார் சரி என்று சொல்லாமல் குழுவில் எதுவும் போடக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: வருகை, கட்டணம், வீட்டுப்பாடம் என்று தானாகப் போகும் செய்திகள் எல்லாவற்றையும் அந்த வீட்டுக்கு நிறுத்தி வைக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். அப்பாவை இழந்த பிள்ளையின் வீட்டுக்கு "உங்கள் குழந்தை இன்று வகுப்புக்கு வரவில்லை" என்று போய்ச் சேரக் கூடாது. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் விடுகதை போடவில்லை. "நான்தான் மிஸ், சும்மா கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அது கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வைக்கும்போது "நாளைக்கும் கூப்பிடுறீங்களா மிஸ்" என்று கேட்டது. கூப்பிட்டேன்.

பதில்: ரெண்டு பிள்ளை அம்மா

டீச்சர் எழுதினதைப் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அப்போது என் பெரியவன் நாலாம் வகுப்பு, சின்னவள் ஒன்று.

பெற்றோர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியிருந்தது நிறைய இல்லை, நிச்சயமான ஒன்று. "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மிஸ் கூப்பிடுவாங்க" என்று தெரிந்தால் போதும், சின்னவள் ஐந்தரைக்கே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெறும் போன் அழைப்புதான், யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் வாரிக்கொள்வாள். நாள் எது, கிழமை எது என்றே தெரியாமல் போன காலத்தில் எங்கள் வீட்டுக்கு அந்தச் செவ்வாய்தான் நாள்காட்டி.

பெரியவன் படித்த பள்ளி வேறு. பேர் வேண்டாம். அங்கிருந்து ஒரு நாளைக்கு எத்தனை செய்தி வரும் என்று கணக்கே கிடையாது. காலை வருகைக்கு ஒரு செல்ஃபி, மதியம் நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், சாயங்காலம் உடற்பயிற்சி செய்ததற்கு வீடியோ. பிள்ளை படித்தானா என்பதைவிட படித்ததற்கு ஆதாரம் கொடுத்தோமா என்பதே எங்கள் வேலையாகிவிட்டது. நானும் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை செய்தியிலும் ஒன்றில்கூட "பையன் எப்படி இருக்கான்?" என்று யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியை அம்மா, உங்கள் திட்டத்தில் எதை அனுப்புவது என்று எழுதுவதோடு எதை அனுப்பாமல் இருப்பது என்றும் எழுதுங்கள்.

இன்னொரு யோசனை. பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட சிநேகிதர்கள் இல்லாததுதான் பெரிய குறை. சின்னவளுடைய மிஸ் எங்களிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று வீடுகளின் நம்பரை ஒருவருக்கொருவர் கொடுத்தார். கட்டுப்பாடு தளர்ந்த நாட்களில் அந்த மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு வாசலில் நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். அந்த அம்மாக்கள் இருவரும் இன்றைக்கும் எனக்குத் தோழிகள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கிக் கொண்டுபோய் வைத்தது இன்னொருத்தி. நம்பர் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டும், அது மட்டும் முக்கியம். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கலாம்.

பதில்: பெரிய பள்ளி வாத்தியார்

எல்லாம் நல்ல யோசனைகள், மறுக்கவில்லை. ஆனால் இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் வகுப்புக்கு நாற்பதுக்கு மேல். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் 20 நிமிடம் என்றால் போனிலேயே பதினைந்து மணி நேரம் போய்விடும். அதுவும் போன் வீட்டில் இருக்கும் நேரம் என்றால் இரவு. ஆசிரியருக்கும் வீடு உண்டு, அங்கேயும் பிள்ளைகள் உண்டு, அங்கேயும் நோயாளிகள் இருந்தார்கள். எங்களில் சிலர் அந்த ஓராண்டில் மிகவும் தளர்ந்துபோனார்கள். திட்டம் போடுகிறவர்கள் ஆசிரியரின் அன்பை அளவில்லாத பொருளாக எண்ணிவிடக் கூடாது.

ரேடியோவையும் யோசியுங்கள். சியரா லியோனில் எபோலா வந்து பள்ளிகள் மூடியபோது ரேடியோ வழியாகப் பாடம் நடத்தினார்கள். 2020-இல் மறுபடியும் மூட வேண்டி வந்ததும் அதையே தூசி தட்டி எடுத்து உடனே தொடங்கிவிட்டார்கள். ஒருமுறை செய்து வைத்தது அடுத்த முறை கைக்கு உதவியது. பாடத்தை ரேடியோவோ டிவியோ பார்த்துக்கொண்டால் ஆசிரியருக்குப் பேச நேரம் மிஞ்சும்.

பதில்: இரண்டாம் வகுப்பு டீச்சர்

சார், நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. எனக்கு இருந்தது இருபத்துச் சொச்சம் வீடுகள், அதனால் முடிந்தது. நாற்பது வீட்டுக்கு இதே அளவில் முடியாது.

எங்கள் பக்கத்துப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு ஒரு வழி செய்தார்கள். எல்லா வீட்டையும் ஒரே மாதிரி கூப்பிடவில்லை. தாள் ஒழுங்காகத் திரும்பி வருகிற, குழுவில் பதில் போடுகிற வீடுகளுக்கு மாதம் இரண்டு தடவை, ஐந்து நிமிடம். யாரிடமிருந்து சத்தமே இல்லையோ அந்த வீட்டுக்கு முதலில், அடிக்கடி. பொதுவாகப் பள்ளிகளில் நேர்மாறாகத்தான் நடக்கும். போனை உடனே எடுக்கிற வீட்டோடு பேசுவது சுலபம், அதனால் அவர்களோடேயே பேசிக்கொண்டிருப்போம். எடுக்காத வீட்டை ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் ஊரை விட்டே போன குடும்பம், வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை எல்லாம் இருந்தார்கள். இரண்டு வாரம் யாரும் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது நம்பர், அதிலும் இல்லை என்றால் அந்தத் தெருவில் இருக்கும் வேறு வீட்டில் விசாரிப்பது என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் தளர்வதைப் பற்றி: நேர எல்லை வையுங்கள். இரவு எட்டரைக்கு மேல் கூப்பிடுவதுமில்லை, எடுப்பதுமில்லை என்று வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டோம், யாரும் வருத்தப்படவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். வேலை விஷயம் பாதி, மீதி எங்கள் கதை. ஆசிரியர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவருடைய வீடுகளை யார் எடுத்துக்கொள்வது என்று நோட்டிலேயே இரண்டாவது பேர் எழுதியிருக்கும். ஒருவரும் இல்லாமல் ஒரு வீடு விடுபடக் கூடாது, ஒருவர் மேலேயே எல்லா வீடும் விழவும் கூடாது.

ரேடியோ யோசனையை அப்படியே ஏற்கிறேன். நடத்துவது ரேடியோ, கேட்டாயா என்று கேட்பது நாங்கள். நல்ல பொருத்தம்.

பதில்: பள்ளி அலுவலகம்

நான் ஆசிரியர் இல்லை, அலுவலகத்தில் பதிவேடு பார்ப்பவன். உங்கள் பள்ளியில் ஒரு தாளும் கிடைக்கவில்லை என்றீர்களே, அதற்குக் காரணத்தை ஊகிக்க முடிகிறது. நம்பர்கள் எல்லாம் ஆசிரியர்களின் சொந்த போனில் இருந்திருக்கும். மாற்றலாகிப் போகும்போது அதுவும் அவர்களோடு போய்விடும்.

அந்த நோட்டு பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது வீட்டாரிடம் ஒரு சின்னச் சீட்டு கொடுத்து நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து வந்த பிறகு தேட ஆரம்பித்தால் கிடைக்காது. பிள்ளையை யாரிடம் பேசவிடலாம், யாரிடம் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். பிரிந்து வாழும் பெற்றோர் உள்ள வீடுகளில் இது அவசியம். நோட்டைப் பூட்டி வையுங்கள். முழுப் பட்டியலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பள்ளிக்கென்று தனியாக ஒரு போனும் சிம்மும் வாங்கிவிடுங்கள். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் பல வீடுகளில் எடுக்கவே மாட்டார்கள். பள்ளி நம்பர் என்று முன்பே சேமித்து வைத்திருந்தால் எடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: புதுத் தலைமையாசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு முறை படித்துவிட்டேன். சீட்டை இந்த வாரமே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன், "போன் எப்போது வீட்டில் இருக்கும்" என்ற வரியோடு. ஆயாம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு எந்தெந்த வீடு?" என்று இப்போதே கேட்கிறார். வாத்தியார் சார் சொன்ன நேரக் கணக்கையும் திட்டத்தில் சேர்க்கிறேன். அதைச் சேர்க்காமல் அனுப்பினால் மேலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், கீழே நடக்காது.

ஒன்றே ஒன்று இன்னும் பாக்கி. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். விடுகதை போட்ட தோழியின் முகமே தெரியாதே அவர்களுக்கு?

பதில்: இரண்டாம் வகுப்பு டீச்சர்

ஆமாம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் செய்ததைச் சொல்கிறேன்.

அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து வகுப்பு வரை நடந்து ஒரு வீடியோ எடுத்தார். பிள்ளையின் உயரத்தில், இடுப்பளவில் பிடித்துக்கொண்டு. வாசல், மணி, படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், கழிவறைக் கதவு, அதன் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது, கடைசியில் வகுப்பு, அதில் உன் இடம். முகக்கவசம் இல்லாமல் தன் முகத்தையும் கடைசியில் காட்டினார். காலி வகுப்பில் தனியாகத்தானே இருந்தார். தாழ்ப்பாளை எதற்கு இவ்வளவு நேரம் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். பள்ளி திறந்த பிறகு புரிந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர் அதுவரை ஒருநாள்கூடப் பள்ளியில் உட்கார்ந்ததில்லை. அவர்கள் பயந்தது பாடத்துக்கு இல்லை, கழிவறைக்கு. கதவு மூடிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்ற பயம்.

முகம் தெரியாத பிள்ளைகளை இணைக்கக் கையை வரையச் சொன்னார். தாளில் கையை வைத்து ஓரம் போட்டு, உள்ளே தன் பேரும் பிடித்த ஒரு விஷயமும் எழுதி, அல்லது வரைந்து, உறையில் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாக் கைகளையும் வகுப்புச் சுவரில் ஒட்டி அந்தச் சுவரைப் படம் எடுத்து வீடுகளுக்கு அனுப்பினார். போன் இல்லாத வீட்டுக்கு அச்செடுத்து உறையில் போட்டார். பள்ளி திறந்தபோது அந்தத் தாள்களைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

திறக்கும் வாரத்துக்கும் திட்டத்தில் இடம் வையுங்கள். முதல் வாரம் தேர்வு வைத்து யார் எவ்வளவு மறந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் அவசரம் மேலிருந்து வரும். முடிந்த அளவு தள்ளிப்போடுங்கள். சின்ன வகுப்புகளை முதல் இரண்டு நாள் பாதிப் பாதியாக, குறைந்த நேரத்துக்கு வரச் சொல்லலாம். போனில் பேசிய ஆளே வாசலில் நிற்க வேண்டும், அது ஆயாம்மாவாக இருந்தாலும் சரி. முகக்கவசம் போட்டிருந்ததால் என்னைப் பல பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்து பேசியதும் தெரிந்துகொண்டார்கள். அதனால் வாசலில் நிற்பவர் சும்மா நிற்காமல் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடட்டும்.

சீட்டு அச்சடித்து வந்ததும் அதன் மாதிரியை இங்கே போடுங்கள். என்ன விடுபட்டிருக்கிறது என்று நாங்களும் பார்த்துச் சொல்கிறோம்.